மொய் நோட்டில் ஏறாத கணக்கு

போன பதிவு வாழைத்தார் விலையைப் பற்றி. இந்தப் பதிவு பொம்மை ரயிலைப் பற்றி. (இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இது பழகிப்போன கஷ்டம்தான் :-) )

"சும்மா எவனும் எதையும் தரமாட்டான் தம்பி. தந்தான்னா அதுல ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம்."

எங்கள் தேனிப் பக்கம் இந்த வசனத்தைக் கேட்காமல் ஒருவன் இருபது வயதைத் தாண்ட முடியாது. டீக்கடையில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சொல்வார்கள். காமர்ஸ் படிக்கிறவன் என்றால் போதாக்குறைக்குப் பாடப்புத்தகமும் சொல்லும். மனிதன் தன் லாபத்துக்காகத்தான் அசைகிறான் என்பது முதல் வருஷப் பொருளியலிலேயே வந்துவிடும். மிச்ச வருஷமெல்லாம் அதைப் பற்று, வரவு என்று எழுதிக் காட்டுவதுதான் வேலை.

இந்த வசனம் பொய் என்கிறேன். அதற்குச் சாட்சியாக மகான்களையோ வள்ளல்களையோ கூப்பிடப் போவதில்லை. சாதாரண ஆட்கள், மாடல் ரயில் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிற பொழுதுபோக்குக்காரர்கள், இவர்கள்தான் என் சாட்சி. சிரிக்காதீர்கள். சிரிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். மாடல் ரயில் என்றால் திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் ஓடுமே, அது இல்லை. நிஜ ரயிலை அளந்து, ஒரே விகிதத்தில் சுருக்கி, தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன், பக்கத்துப் புளியமரம் வரைக்கும் செய்து, கால அட்டவணை போட்டு ஓட்டுகிற வேலை. உலகத்தில் ரொம்பப் பேர் பயன்படுத்துவது 'ஹெச்.ஓ.' என்கிற அளவு. நிஜத்தில் 87 அடி என்றால் மாடலில் 1 அடி.

நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ரயில் பாதை 90 கிலோமீட்டர் சொச்சம். அதை 87-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அவ்வளவு இடம் யார் வீட்டில் இருக்கிறது? அதனால் எதை வைப்பது எதை விடுவது என்று முடிவு பண்ண வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய் இருந்தே ஆக வேண்டும், நடுவில் உள்ள பொட்டல்காட்டை விட்டுவிடலாம். அப்புறம் தண்டவாளம். நம்முடைய பழைய மீட்டர் கேஜ் இந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும், கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். இப்போது இருக்கிற அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். அதைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர், ஏனென்றால் அது அமெரிக்க, ஐரோப்பிய ரயிலுக்குச் செய்தது.

இதில் இறங்குகிறவனுக்குத் தச்சு வேலை தெரிய வேண்டும். வயரிங் தெரிய வேண்டும். பெயின்ட் அடிக்கத் தெரிய வேண்டும். எந்த வருஷம் எந்தப் பெட்டிக்கு என்ன நிறம் என்கிற சரித்திரமும் தெரிய வேண்டும். இத்தனையும் தெரிந்த ஒரே ஆள் பூமியில் கிடையாது. வயரிங் தெரிந்தவன் வரைபடம் வைத்திருப்பவனிடம் போய்த்தான் ஆக வேண்டும். வரைபடக்காரன் தச்சு தெரிந்தவனிடம் போக வேண்டும். தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் ஒருத்தன் ரயிலும் ஓடாது. இந்தப் பொழுதுபோக்கில் நல்ல குணம் எங்கிருந்து வந்தது என்றால், இங்கிருந்துதான் வந்தது.

*

இனி ஆதாரத்துக்கு வருகிறேன். வெறும் பேச்சு வேண்டாம்.

ஒன்று. தொடக்க காலத்தில் மாடல் ரயில் செய்கிற ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் சக்கரம் செய்தது, தன் இஷ்டத்துக்குப் பெட்டிகளை இணைக்கிற கொக்கி செய்தது. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனித் தண்டவாளத்தில் சரியாக ஓடாது. நம்ம பாடத்தில் இதைப் புத்திசாலி வியாபாரம் என்பார்கள், வாடிக்கையாளரை வேறெங்கும் போகவிடாமல் கட்டிப்போடும் வித்தை. 1935-இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் பொழுதுபோக்குக்காரர்கள் கூடி ஒரு தேசிய சங்கம் அமைத்தார்கள், என்.எம்.ஆர்.ஏ. என்று பெயர். சக்கரம் இத்தனை அகலம், தண்டவாள இடைவெளி இத்தனை என்று அளவுகளை நிர்ணயித்து, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்று வெளியிட்டார்கள். 1990-களில் ஒரே தண்டவாளத்தில் பல என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்டுகிற டிஜிட்டல் முறை வந்தபோதும் அதே கதைதான். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி வடிவமைத்ததை அடிப்படையாக வைத்துச் சங்கம் பொது நியமம் எழுதியது. இன்றைக்கு வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. நம் ஊரில் செல்போன் சார்ஜர் முனை ஒன்றாக ஆவதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். இவர்கள் அந்தச் சண்டையை 1930-களிலேயே போட்டு முடித்தவர்கள்.

இரண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கினார்கள். மேலே பார்த்தால் மலை, ஊர், ரயில். பலகைக்கு அடியில் குனிந்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாமான்களால் செய்த ஒரு பெரிய கட்டுப்பாட்டு இயந்திரம். அதைச் சொந்தமாகக் கட்டிய பையன்கள்தான் 1950-களின் கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். 'ஹேக்' என்கிற வார்த்தை இன்றைய கம்ப்யூட்டர் அர்த்தத்தில் புழக்கத்துக்கு வந்தது அந்தக் கிளப்பிலிருந்துதான். எழுதிய நிரலைப் பெட்டியில் பூட்டாமல் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவன் எடுத்து மேம்படுத்துவான். 1962-இல் 'ஸ்பேஸ்வார்' என்கிற விளையாட்டு இப்படித்தான் உருவானது. காசுக்கு விற்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். ரயில் பலகைக்கு அடியில் குனிந்து பழகிய பழக்கம் கம்ப்யூட்டர் உலகம் வரைக்கும் போய்விட்டது.

மூன்று. 2019 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாம்ஃபோர்டு ஊரில், மார்க்கெட் டீப்பிங் மாடல் ரயில் கிளப் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்திருந்தது. முதல் நாள் ராத்திரி பதின்ம வயதுப் பையன்கள் சிலர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். பல வருஷ உழைப்பு மிதிபட்டுக் கிடந்தது. கிளப் வேண்டுகோள் வைத்தது, 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று. வந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல்! பாடகர் ராட் ஸ்டூவர்ட் 10,000 பவுண்டு கொடுத்தார். அவரும் வீட்டில் பெரிய ரயில் அமைப்பு வைத்திருக்கிறவர், உடைந்தால் எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர். மீதித் தொகை முகம் தெரியாதவர்கள் கொடுத்தது. அவர்களுக்கு இதில் என்ன லாபம்? யாராவது காமர்ஸ் படித்தவர்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

*

"போதும்டா. வெளிநாட்டில் ரிட்டயர் ஆன பணக்காரர்கள் கதை. வயிறு நிறைந்தவன் நல்லவனாக இருப்பதில் என்ன பெருமை?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு நல்ல மாடல் என்ஜின் விலைக்கு நம்ம ஊரில் ஒரு குடும்பம் மாதம் முழுக்கச் சாப்பிடலாம். திராட்சைத் தோட்டத்துக் கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை அதை வாங்க முடியாது. உண்மைதான். ஆனால் நம் நாட்டு மாடல் ரயில்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இந்திய ரயிலின் மாடல் கடையில் கிடைப்பது அரிது. அதனால் அட்டை, சன்போர்டு, பழைய பொம்மை மோட்டார் இவற்றை வைத்தே பெட்டியும் என்ஜினும் செய்கிறார்கள். ஒருவர் பெட்டியை அளந்து வெட்டி ஒட்டுகிற மாதிரி வரைந்து வெளியிடுகிறார், நூறு பேர் அதைப் பிரின்ட் எடுத்து ஒட்டுகிறார்கள். பிரின்ட் செலவும் ஒரு பசை டப்பாவும்தான் முதலீடு. 2001-இல் மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வந்தபோது அதில் இந்திய ரயில் ஒன்றிரண்டுகூட உருப்படியாக இல்லை. நம் ஆட்களே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நம்முடைய டீசல் என்ஜின், நம்முடைய பெட்டி, நம்முடைய வழித்தடம் என்று செய்து இலவசமாக விட்டார்கள். மாடல் என்ஜின் வாங்க முடியாத பையன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஓட்டினான். புனேயில் பி.எஸ். ஜோஷி சேர்த்துக் கட்டிய சின்ன ரயில் உலகத்தை 1998 முதல் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம், அவர் குடும்பம் அதை அருங்காட்சியகமாக நடத்துகிறது.

வசதி இல்லாத இடத்தில்தான் இந்தப் பகிர்வுக்கு மதிப்பே. பணக்காரனுக்கு இன்னொருவன் வரைபடம் எதற்கு? காசு கொடுத்து வாங்கிக்கொள்வான். இல்லாதவனுக்கு அதுதான் ஒரே வாசல்.

இன்னொரு கேள்வியும் வரும். "அப்படின்னா ரயில் விடுறவன் எல்லாம் நல்லவனா?" இல்லவே இல்லை. புதிதாக வருகிறவன் செய்த பெட்டியில் ஒரு ஆணி குறைந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓடவைக்கிற மேதாவிகள் எல்லா நாட்டிலும் உண்டு. பகிர்ந்ததைத் திருடுகிறவர்களும் உண்டு. பொய்யே சொல்ல வேண்டாம், ஒரு நிஜ வழக்கையே சொல்கிறேன். காமர்ஸ், சட்டம் படிக்கிற நண்பர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன். அவரும் மற்ற பொழுதுபோக்குக்காரர்களும் சேர்ந்து மாடல் ரயிலைக் கம்ப்யூட்டரால் ஓட்டுகிற ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். ஒரே நிபந்தனை, எடுத்துப் பயன்படுத்தினால் எழுதியவர்கள் பெயரைப் போடு, என்ன மாற்றினாய் என்று சொல்லு. மேத்யூ கேட்சர் என்பவர் இதே துறையில் மென்பொருள் விற்கிறவர். இது என் பேடன்ட்டை மீறுகிறது என்று சொல்லி, ஜேக்கப்சனிடம் 2 லட்சம் டாலருக்கும் மேல் கேட்டுக் கடிதம் போட்டார். இலவசமாகக் கொடுத்த மனிதனுக்குப் பில்! 2006-இல் ஜேக்கப்சன் கோர்ட்டுக்குப் போனார். போன இடத்தில் இன்னொன்று வெளியே வந்தது. ஜே.எம்.ஆர்.ஐ.யின் கோப்புகள் சிலவற்றைக் கேட்சரின் கம்பெனி எடுத்து, எழுதியவர்கள் பெயரை எடுத்துவிட்டுத் தன் மென்பொருளில் சேர்த்திருந்தது.

கீழ்க் கோர்ட் சொன்னதைக் கேளுங்கள். இது இலவசமாகக் கொடுத்தது, நிபந்தனையை மீறினால் அது ஒப்பந்த மீறலாகலாம், ஆனால் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிற ரீதியில் சொல்லிவிட்டது. காசு வாங்காமல் கொடுத்தவனுக்கு ஒப்பந்த மீறலில் என்ன நஷ்டஈடு வந்துவிடும்? பூஜ்யம். அதாவது, சும்மா கொடுத்தாயா, அப்படியென்றால் உனக்கு உரிமை கேட்க வாயில்லை என்று அர்த்தம். நம்ம டீக்கடை வசனத்தையே கோட்டுப் போட்டுச் சொன்ன மாதிரி.

2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் திருப்பியது. காசு கைமாறவில்லை என்பதால் மதிப்பு இல்லை என்று ஆகிவிடாது, இலவசமாகக் கொடுத்தவரின் நிபந்தனையை மீறினால் பதிப்புரிமைச் சட்டமே பாயும் என்று தீர்ப்பு வந்தது. 2010-இல் வழக்கு சமரசத்தில் முடிந்து, கேட்சர் 1 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார். உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் கேடயமாக இருக்கிற தீர்ப்பு இது. நீங்கள் செல்போனில் தட்டுகிற எத்தனையோ விஷயங்களுக்கு அடியில் அந்த மாதிரி மென்பொருள்தான் ஓடுகிறது. கேடயத்தை வாங்கிக் கொடுத்தது யார்? பொம்மை ரயில் விடுகிறவர்கள்!

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். நல்ல குணம் தானாக நிற்காது. அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அளவுக்கு ஒரு பொது நியமம், பெயருக்கு ஒரு மரியாதை, மீறினால் கேட்பதற்கு ஒரு முதுகெலும்பு. இந்த மூன்றும் இருந்ததால்தான் அவர்கள் பகிர்வு எண்பது தொண்ணூறு வருஷமாக ஓடுகிறது. வெறும் நல்ல மனசை மட்டும் நம்பியிருந்தால் கேட்சர் வந்த அன்றைக்கே கடை மூடியிருக்கும்.

*

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள்.

நாம் கொடுக்காதவர்களா? இல்லை. எங்கள் பக்கம் காதணி விழா, கல்யாணம் என்றால் மொய்யும் செய்முறையும் எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மைக்கில் பெயர் வாசிப்பார்கள். நோட்டில் ஏறும். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதே தருகிறார்கள். வட்டியில்லாமல் ஒரு குடும்பத்துக்கு முதல் திரட்டிக் கொடுக்கிற அருமையான ஏற்பாடு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கொடை இல்லை ஐயா, கடன். நான் உனக்கு ஐந்நூறு செய்தால் நீ எனக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நோட்டைப் புரட்டுவார்கள். பற்றும் வரவும் அதே இரண்டு பேருக்கு நடுவில்தான் நிற்கும்.

மாடல் ரயில்காரர் கணக்கு வேறு மாதிரி. எனக்கு வயரிங் சொல்லிக் கொடுத்தவர் என்னிடமிருந்து எதுவும் எதிர்பார்ப்பதில்லை. எனக்கடுத்து வருகிற ஒருவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தால் அவர் கணக்கு நேராகிவிடும். பற்று ஒருவர் பேரில், வரவு மூன்றாமவர் பேரில். எந்தப் பேரேட்டிலும் இது டேலி ஆகாது. ஆனால் ரயில் ஓடுகிறது!

கணக்கியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் பிளஸ் டூவிலேயே வரும். காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைச் சொத்துப் பக்கம் எழுதலாம், தானே உழைத்து உண்டாக்கிய நற்பெயரை எழுதக்கூடாது. அதை நம்பகமாக அளக்க முடியாது என்பதுதான் காரணம். சரியான விதிதான். ஆனால் எழுத முடியாது என்பதை இல்லவே இல்லை என்று படித்துக்கொள்கிறோமே, அங்கேதான் கோளாறு. "சும்மா எவனும் தரமாட்டான்" என்கிற வசனத்தின் வேர் அதுதான். நோட்டில் ஏறாததை நம் கண் பார்ப்பதே இல்லை.

அடுத்து, நாம் கும்பிடுகிற கொடை. கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் பெயர் இல்லாத ஊர் உண்டா? பொங்கல் சமயத்தில் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபம் வந்தது. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். நன்றி மறக்காத மக்கள் நாம், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் கவனித்தீர்களா? மேலே இருந்து ஒருவர் கொடுத்தால் நமக்குப் புரிகிறது, கையெடுத்துக் கும்பிடுகிறோம். பக்கத்தில் சமமாக உட்கார்ந்திருக்கிறவன் தனக்குத் தெரிந்ததைக் கொடுத்தால் மட்டும் சந்தேகம் வருகிறது, "இவனுக்கு இதுல என்ன லாபம்?"

திருக்குறளில் ஈகைக்கு ஒரு அதிகாரம், ஒப்புரவறிதலுக்கு ஒரு அதிகாரம். இரண்டையும் அடுத்தடுத்துத் தனித்தனியாக வைத்திருக்கிறார் வள்ளுவர். இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்ந்து, தன்னிடம் உள்ளது ஊருக்குப் பயன்படும்படி நடப்பது ஒப்புரவு. நாம் ஈகைக்குச் சிலை வைத்துவிட்டோம், ஒப்புரவைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிட்டோம். மாடல் ரயில்காரர்கள் செய்வது ஒப்புரவு. குறளைப் படிக்காமலேயே செய்கிறார்கள்.

*

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், நம் கையை விட்டு ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக, ஏலக்காயும் பருத்தியும் விளைகிற சீமைக்கு அந்தச் சின்ன ரயில் வந்து போனது. அகலப் பாதையாக மாற்ற 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். 2010-இல் பிறந்த பிள்ளை தன் ஊரில் ரயிலைப் பார்க்கும்போது அதற்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க்காரர்களுக்கு இன்னமும் சொந்த ரயில் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப்புக்குப் பாதை வேண்டும் என்பது கோரிக்கையாகவே கிழடு தட்டிக்கொண்டிருக்கிறது.

புது ரயில் வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் பழைய மீட்டர் கேஜ் ரயில் எப்படி இருந்தது? என் வயதுக்காரர்களுக்கு அது மங்கலான ஞாபகம். தம்பி தங்கைகளுக்கு அதுவும் இல்லை. பழைய ஸ்டேஷன் கட்டடத்தின் அளவு என்ன? எத்தனை லைன், எங்கே பாயின்ட், எங்கே கைகாட்டி மரம்? ஒய்.டி.எம். 4 டீசல் என்ஜின் எத்தனை பெட்டியை இழுத்துக்கொண்டு கணவாய் ஏறியது? இதெல்லாம் அரசாங்க ரகசியம் இல்லை. ரிட்டயர் ஆன ரயில்வே ஊழியர்கள் தலையில் இருக்கிறது. யாரோ ஒருவர் பீரோவில் போட்டோவாக இருக்கிறது. வேலைக்குப் போன ஒருவர் பழைய சீசன் டிக்கெட்டாகப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். எடுத்துக் கொடுத்தால் ஒரு மாடல் செய்யலாம். ஒரு கிலோமீட்டர் வேண்டாம், தேனி ஸ்டேஷனும் ஆண்டிபட்டிக் கணவாயும் மட்டும் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குள் அடங்கும். அட்டையிலேயே செய்யலாம். பார்க்கிற பிள்ளைக்கு அளவு, விகிதம், மின்சாரம், ஊர்ச் சரித்திரம் எல்லாம் ஒரே பலகையில் கிடைக்கும்.

ஆனால் கேட்டால் வரும் பதில் என்ன? "எதுக்குக் கேக்குற?" "காசு பாக்கப் போறியா?" "கொடுத்தா நீ உன் பேரைப் போட்டுக்குவ." போட்டோ கொடுப்பவரும் முகத்துக்குக் குறுக்கே பெரிதாகத் தன் பெயரை அடித்துக் கொடுக்கிறார், என்ஜினே தெரியாது!

அவர்களைப் பூராவும் குற்றம் சொல்ல முடியாது. கொடுத்ததைத் திருடுகிறவர்கள் நம்மிடம் ஏராளம். ஒருவர் எடுத்த படத்தைச் சுட்டு, பெயரை வெட்டிவிட்டுத் தன்னுடையது மாதிரிப் போடுவதை நாம் தப்பாகவே நினைப்பதில்லை. நெட்டில் கிடந்தது, எடுத்தேன். முடிந்தது கதை. கொடுக்கிறவர்களின் கை மூடிக்கொள்வதற்கு எடுக்கிறவர்களின் இந்தப் புத்திதான் பாதிக் காரணம். ஜேக்கப்சன் காசுக்காகச் சண்டை போடத் தொடங்கவில்லை. எடு, தாராளமாக எடு, ஆனால் செய்தவன் பெயரைச் சொல்லு. இந்த ஒரு வரிக்காக நாலு வருஷம் கோர்ட் ஏறினார். பெயரைச் சொல்வது ஓசியில் செய்யக்கூடிய மரியாதை. அதைக்கூடச் செய்யாதவனுக்குச் 'சும்மா எவனும் தரமாட்டான்' என்று புலம்ப என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகவே ஐயா, அண்ணன்மார்களே, அக்காமார்களே, இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

வைத்திருப்பவர்களுக்கு: பீரோவில் இருக்கும் படத்தைக் கரையான் தின்றால் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பின்பக்கம் ஊர், வருஷம், எடுத்தவர் பெயர் எழுதிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்லச் சொல்ல ஒரு கோடுபோட்ட நோட்டில் ஸ்டேஷன் படத்தை வரைந்து வையுங்கள். அவர் இருக்கும்போதே.

எடுப்பவர்களுக்கு: எடுத்தால் பெயரைப் போடுங்கள். எதையாவது மாற்றினால் மாற்றினேன் என்று சொல்லுங்கள். கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்ய முடியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அடுத்து வந்து நிற்கிறவனுக்குச் செய்யுங்கள், கணக்கு நேர்.

சிரித்துக்கொண்டே படித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. சும்மா எவனும் எதையும் தரமாட்டான் என்று நம்புகிறவன் தானும் எதையும் தரமாட்டான். அவன் வசனம் அவன் அளவில் உண்மையாகிவிடும். அதனால்தான் அந்த வசனம் இத்தனை காலம் சாகாமல் இருக்கிறது.

திட்டுவதற்கும் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கிறது. தேனி, ஆண்டிபட்டி, போடி பழைய ஸ்டேஷன் அளவு தெரிந்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். உங்கள் பெயர் போட்டுத்தான் வெளியிடுவேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம். வரட்டா!